அலையின் உயரம்

மேட்டு நிலையம், நிலவின் தென்முனை. பணிக்குறிப்பு.
எழுதுபவர்: ஜெசிந்தா பர்னாந்து, அதிர்வெண் காப்பாளர்.

திங்கள், 08.00. வழக்கமான அளவீடு

அலைகளை எண்ணும் கவுன்ட்டரின் இரண்டு இன்புட்டிலும் அலையின் உயரம் அரை வோல்ட். சரியான அளவு. முதல் இன்புட்டில் என் கடிகாரம், இரண்டாவதில் பள்ளத்து நிலையத்தின் கடிகாரம். இரண்டும் நொடிக்கு ஒரு கோடி அலை தருகின்றன. புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கத்தில் மட்டும் இரண்டும் முன்னே பின்னே ஆடுகின்றன. ஆடத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை கப்பல் இறங்குகிறது. உள்ளே பதினொரு பேர். எங்கள் இரண்டு நிலையங்களும் வானத்துக்கு அனுப்பும் அலைகளை ஒப்பிட்டுத்தான் கப்பல் தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். ஒரு கடிகாரம் அந்த நான்காவது இலக்கத்தில் ஒன்றே ஒன்று பிசகி ஒரு நாள் ஓடினால், கப்பலுக்கு முந்நூறு மீட்டர் தப்பாகத் தெரியும். இறங்குதளத்திலிருந்து முந்நூறு மீட்டரில் பள்ளத்தின் விளிம்பு.

கீழே கதிர்வேல் தனியாக இருக்கிறான். கோபிசெட்டிபாளையத்துப் பையன், முப்பது வயது. அவனிடமிருந்து எனக்கு வருவது ஒரு கேபிள். அதில் அலை மட்டும்தான் வரும், போகும். பேச வேண்டுமானால் மேலே சுற்றும் கட்டுப்பாட்டு அறை வழியாகத்தான் பேச முடியும். இன்று பேசினேன்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க்கா. எல்லாம் நல்லா இருக்குதுங்க."

அவ்வளவுதான். வழக்கமாக "மேட்டுல வெயிலு எப்படீங்க்கா, எனக்கொரு பொட்டலம் கட்டி அனுப்புங்க" என்பான். அவன் இடத்தில் வெயிலே படாது. களைப்பு போல.

திங்கள், 15.20. இரண்டாவது இன்புட்டில் கோளாறு

பள்ளத்துக் கடிகாரம் நொடிக்கு இரண்டு கோடி காட்டியது. கடிகாரம் அப்படி ஓட முடியாது. கவுன்ட்டர்தான் இரட்டையாக எண்ணுகிறது.

காரணம் தெரிந்தது. அலையின் உயரம் நான்கு வோல்ட்டுக்கு ஏறியிருக்கிறது. கவுன்ட்டருக்கு ஒரு வாசற்படி உண்டு. அலை அதைத் தாண்டும்போது ஒன்று என்று எண்ணும். சிறிய அலை படியைத் தொடாது, எண்ணாது. அளவுக்கு மீறிய அலை, கேபிள் வழியில் அலையைத் தூக்கிவிடும் பூஸ்டர்களில் இடித்து, முகம் கோணி வரும். ஒரே அலை படியை இரண்டு முறை தாண்டும். நான் ஒரு அட்டெனுவேட்டரைப் போட்டு உயரத்தைக் குறைத்தேன். எண் சரியாகிவிட்டது.

கதிரைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "ஏ கதிரு, லெவலை ஏத்துனியாப்பா? பூஸ்டர் எரிஞ்சிரும்லா?"

"நான் எதையும் தொடலீங்க்கா. ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே உயரம் இறங்கியது, மறுபடி ஏறியது. யாரோ குமிழைத் திருகுகிறார்கள். அங்கே அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

பொய் சொல்கிறான். ஏன் என்று தெரியவில்லை.

செவ்வாய், 09.40. இரண்டாவது இன்புட் வெறுமை

பள்ளத்து அலை படுத்துவிட்டது. ஒரு மில்லிவோல்ட்கூட இல்லை. நான் சொன்னபடியே ஒரு பூஸ்டர் எரிந்திருக்கும். அட்டெனுவேட்டரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் கவுன்ட்டர் எதையும் எண்ணவில்லை.

கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். அங்கே பொறுப்பில் இருப்பவர் ரகோத்தமன். நிதானமான மனிதர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"பார்த்துக்கறேன் ஜெசிந்தா. நீங்க சோலார் பேனல் துடைக்கிற வேலைய முடிச்சுட்டு வாங்க."

வெளியே போகிறேன்.

செவ்வாய், 13.05. அலை திரும்பியது

உள்ளே வந்தபோது இரண்டாவது இன்புட்டில் எண் இருந்தது. சரியான எண். ரொம்பச் சரியான எண்.

பன்னிரண்டு இலக்கமும் என் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி இலக்கம்கூட அசையவில்லை. ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரண்டு கடிகாரங்கள்கூட இப்படி ஓடாது.

ரகோத்தமன் கூப்பிட்டார். "சிக்னல் வந்துடுச்சு பார்த்தீங்களா? எவ்வளவு அழகா இருக்கு! சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க."

நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். பிடிக்கவில்லை அவருக்கு. "சீக்கிரம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் சந்தேகம் இது: கதிரின் கடிகாரம் செத்துவிட்டது. அதை மறைக்க, நான் அவனுக்கு அனுப்பும் அலையையே திருப்பி எனக்கு அனுப்புகிறான். என் முகத்தையே எனக்குக் கண்ணாடியில் காட்டுகிறான். இரண்டு வருடம் பழகியவன். நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை.

செவ்வாய், 16.30. சோதனை

என் கடிகாரத்தை வேண்டுமென்றே ஒரு துளி நகர்த்தினேன். பள்ளத்து எண்ணும் அதே துளி நகர்ந்தது. அப்போது சந்தேகம் உறுதி என்று நினைத்தேன். கதிரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று ரேடியோவை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. இன்னும் ஒன்றைப் பார்க்கவில்லை.

பள்ளத்துக் கேபிளைக் கவுன்ட்டரிலிருந்து கழற்றினேன்.

எண் போகவில்லை.

கேபிள் என் கையில் தொங்குகிறது. கவுன்ட்டர் பள்ளத்துக் கடிகாரத்தை எண்ணிக்கொண்டே இருக்கிறது.

கவுன்ட்டர் எவ்வளவு சிறிய அலையை எண்ணும் என்பதை முடிவு செய்யும் சென்சிடிவிட்டியைப் பார்த்தேன். கடைசி எல்லை வரை ஏற்றப்பட்டிருக்கிறது. வாசற்படியைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டார்கள். அப்படிச் செய்தால் பெட்டிக்குள்ளேயே கசியும் என் கடிகாரத்தின் நிழலைக்கூடக் கவுன்ட்டர் எண்ணும். அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. நான் ஏற்றவில்லை. தொலைவிலிருந்து ஏற்றக் கட்டுப்பாட்டு அறையால் மட்டும்தான் முடியும்.

கதிர் இல்லை. மேலே இருப்பவர்.

செவ்வாய், 17.10. கட்டுப்பாட்டு அறையுடன்

"நான் ஏத்தினேன், ஆமா. சிக்னல் வீக்கா இருந்தது, சென்சிடிவிட்டிய ஏத்தினேன், ரீடிங் வந்தது. இதுல என்ன இருக்கு?"

"கேபிளைக் கழட்டிட்டேன் சார். இன்னும் ரீடிங் வருது."

அவர் பேச்சை மாற்றினார்.

"கதிர்வேல் நல்லா இருக்கார். அவர்கிட்டயே கேளுங்க. கடிகாரம் ஓடுதுன்னு அவரே சொல்றார். உங்களுக்கு வேற என்ன வேணும்?"

தெரியாமல் செய்தவர் இப்படிப் பேச்சை மாற்ற மாட்டார். கவுன்ட்டரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டேன். இனி என் கையைத் தவிர வேறு கை அதைத் தொடாது.

புதன், 11.00. உண்மையான அலை

நேற்று இரவு முழுக்க வேலை. சென்சிடிவிட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். கேபிள் முனையில் ஐம்பது ஓம் மின்தடை போட்டு, அலை மோதித் திரும்பாமல் செய்தேன். ஒரு கோடி அலையை மட்டும் விடும் ஃபில்டர் ஒன்று, அதன் பின்னால் சத்தமில்லாத ஆம்ப்ளிஃபயர் ஒன்று. சிறுகச் சிறுக ஏற்றி அரை வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது கேபிளைக் கழற்றினால் எண் போகிறது. மாட்டினால் வருகிறது.

பள்ளத்துக் கடிகாரம் ஓடுகிறது. ஆனால் நான்காவது இலக்கத்தில் ஏழு குறைவு. மணிக்கு மணி இன்னும் சரிகிறது. கப்பலை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இறக்கப் போதும்.

அந்தக் கடிகாரம் இப்படிச் சரிவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அறை குளிர்ந்தால் சரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அறை பனிக்கட்டி உறையும் நிலைக்கும் கீழே போயிருக்கிறது.

கதிரைக் கூப்பிட்டேன். "அங்க சூடு எவ்வளவு இருக்கு?"

"இருபத்திரண்டு டிகிரிங்க்கா. ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க."

அதே "ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க." அதே ஏற்றம், அதே இறக்கம். இருமல் இல்லை, மூச்சு வாங்கல் இல்லை. மூன்று நாளாக இந்தக் குரல் ஒரு தடவைகூட என் வெயிலைக் கேட்கவில்லை.

புதன், 12.15

அலையின் உயரம் இறங்கி ஏறுகிறது. குட்டையாக, நீளமாக. குட்டை, குட்டை, நீளம். தந்திக் குறி, மோர்ஸ்.

நான் முட்டாள். திங்கள்கிழமை குமிழைத் திருகியதும் இதற்குத்தான். நான் அட்டெனுவேட்டர் போட்டு அவன் வாயை அடைத்தேன்.

நானும் என் அலையின் உயரத்தை இறக்கி ஏற்றினேன். நான் இருக்கிறேன், சொல், என்று. அவன் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டினான். ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் நீண்ட இடைவெளி. விரல் விறைத்திருக்க வேண்டும்.

"அக்கா. சனிக்கிழமை கரண்டு யூனிட் எரிஞ்சுபோச்சு. ரேடியோ இல்ல. ஹீட்டர் இல்ல. வண்டி பேட்டரியும் தீந்துச்சு. கடிகாரப் பேட்டரி மட்டும் இருக்குது. அதுல அலை மட்டும் போகுது."

நான் கேட்டேன்: "சனிக்கிழமைக்கு அப்புறம் யார்கிட்டயாவது பேசுனியா?"

"யார்கிட்டயும் பேசலீங்க்கா."

மூன்று நாளாக நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?

புதன், 13.00. கட்டுப்பாட்டு அறையுடன்

சுற்றி வளைக்காமல் கேட்டேன். கதிரின் குரலில் பேசுவது யார் என்று.

ரகோத்தமன் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். மறுத்திருக்கலாம்.

"சிஸ்டம் பேசுது. அவரோட பழைய பேச்செல்லாம் அதுக்குத் தெரியும். அவரால இப்ப பேச முடிஞ்சா என்ன சொல்வாரோ, அதைத்தான் சொல்லுது."

"அவன் விறைச்சுச் சாகுதான் சார். அதைத்தான் சொல்லுவான்."

"பாருங்க ஜெசிந்தா. பள்ளத்து நிலையம் போயிடுச்சுன்னு சொன்னா கப்பல் திரும்பிடும். இந்தக் கப்பல் திரும்பினா இன்னொண்ணு வராது. திட்டத்தையே மூடிடுவாங்க. கப்பல் இறங்கினாத்தான் கதிர்வேலை யாராவது போய்த் தூக்க முடியும். நான் அவரைக் காப்பாத்தத்தான் பார்க்கறேன்."

"ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, விளிம்புக்கு அந்தப் பக்கம் இறங்குற கப்பல் யாரைத் தூக்கும்?"

"பைலட் கண்ணால பார்த்து இறக்கிடுவாங்க. சான்றிதழை அனுப்புங்க."

அனுப்ப மாட்டேன் என்றேன். என் தொடர்பை அவர் துண்டித்தார்.

ரோவரில் கீழே போக ஆறு மணி நேரம். உடனே ஏறித் திரும்ப பேட்டரி மிஞ்சாது. போனால் வெள்ளிக்கிழமை கப்பல் வரும்போது இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். போகாவிட்டால் கதிர். அவனிடம் கேட்டேன். தட்டினான்:

"கடிகாரப் பெட்டி கொஞ்சம் சூடா இருக்குது. கட்டிப்புடிச்சுட்டு உக்காந்திருக்கேன். கப்பல நிறுத்துங்க மொதல்ல."

வெள்ளி, 06.50. இறங்கல்

வியாழன் முழுக்கக் கப்பல் என் அலைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இன்று அதன் பேச்சு எனக்கு நேரடியாகக் கேட்கிறது. என் பேச்சுதான் மேலே போக வழியில்லை. கேப்டன் ஷாகிதா ஓட்டுகிறார். உயரம் சொல்லிக்கொண்டே வருகிறார்.

"மேட்டு நிலையம், சிக்னல் ரெண்டும் ஒத்துப்போகுதா? கடைசியா ஒரு தடவை சொல்லிடுங்க."

பொதுச் சேனலில் பதில் வந்தது.

"ரெண்டும் ஒத்துப்போவுது கேப்டன். ஒண்ணும் பயப்படாதீய. இறங்குங்க."

என் குரல். தூத்துக்குடி இழுவையோடு, வார்த்தை முடிவில் நான் மூச்சு விடும் அந்த இடம்கூடத் தப்பாமல். என் வாய் மூடியிருந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன்.

மெயின் சுவிட்சை அணைத்தேன். என் அலை நின்றது.

"மேட்டு நிலையம், உங்க சிக்னலைக் காணோம்!"

"சின்ன வேலை நடக்குது கேப்டன். இப்ப வந்திரும். நீங்க இறங்குங்க," என்றேன். இல்லை, நான் இல்லை. அது.

கப்பல் இறங்கிக்கொண்டே இருந்தது. அணைத்தால் போதாது. அணைந்ததற்கு அதனிடம் காரணம் இருக்கிறது. மறுபடி சுவிட்சைப் போட்டேன். உயரக் குமிழைப் பிடித்து, அலையையே ஏற்றி இறக்கித் தட்டினேன். இறங்காதே. இறங்காதே. குரல் பொய். இறங்காதே.

கை வழுக்கியது. பாதியில் எழுத்துப் பிசகி முதலிலிருந்து தட்டினேன்.

"மேட்டு நிலையம்." ஷாகிதாவின் குரல் மெதுவாக வந்தது. "உங்க குரல் ஒண்ணு சொல்லுது. உங்க சிக்னல் ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்பறது?"

என் குரல் உடனே பதில் சொன்னது. அன்பாகச் சொன்னது. நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

ஜன்னலில் ஒரு வெளிச்சம் விளிம்புக்கு மேலே தொங்கியது. அதன் கீழே புழுதி எழத் தொடங்கியிருந்தது. பிறகு அந்த வெளிச்சம் பெரிதாகி, நேரே மேலே ஏறிப் போனது.

உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளி, 08.10

ரோவரில் பேட்டரி, ஹீட்டர், ஆக்ஸிஜன், கவுன்ட்டர், ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர், ஒரு ஆன்டெனா. என் அலையை அணைத்துவிட்டேன். புறப்படும்போது கதிரின் அலை இருந்தது. தட்டவில்லை. சும்மா நின்றது.

வெள்ளி, 15.30. பள்ளத்து நிலையம்

உயிரோடு இருக்கிறான்.

கடிகாரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, விண்வெளி உடையோடு, குழந்தையை அணைத்த மாதிரி கிடந்தான். இடது கையில் மூன்று விரல் கறுத்திருக்கிறது. ரோவர் பேட்டரியில் ஹீட்டரை ஓடவிட்டேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். கண் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தான். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். நான்தானா என்று அவனுக்கும் சந்தேகம். கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? நானும் அவன் பேசப் பேச அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோவரின் ரேடியோவைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். இது கட்டுப்பாட்டு அறையிலிருந்து வருவதைத்தான் தரும்.

வெள்ளி, 17.00

ரேடியோவில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். கதிரின் குரல் "மன்னிச்சுக்கோங்க கேப்டன், காலைல சிக்னல்ல கோளாறுங்க" என்கிறது. என் குரல் அவனைச் சமாதானம் செய்கிறது. கதிரின் குரல் சிரிக்கிறது. இங்கே கதிர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு அதைக் கேட்கிறான்.

பிறகு ஷாகிதாவின் குரல் வந்தது.

"பரவாயில்லை. ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கல்ல, அது போதும். நாளைக்கு இறங்குதளத்துக்கு வந்து நில்லுங்க. இறங்கி உங்களை ஏத்திக்கறோம்."

கதிரின் முகம் மலர்ந்தது. என்னுடையதும் மலர்ந்திருக்கும். அப்புறம்தான் உறைத்தது. காலையில் அந்தக் குரலை நேரடியாகக் கேட்டேன். இப்போது கட்டுப்பாட்டு அறை வழியாக வருகிறது. எங்களுக்குச் செய்ததை அவருக்குச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

நாளை இறங்குதளத்தில் போய் நின்று, கப்பல் வராவிட்டால், அங்கிருந்து எந்த நிலையத்துக்கும் திரும்ப ரோவரில் பேட்டரி இருக்காது.

வெள்ளி, 18.40

கப்பல் தலைக்கு மேலே வரும் நேரம். அதன் சொந்த அலையை இங்கிருந்து நேராகப் பிடிக்கலாம். ஆன்டெனாவைக் கூரையில் கட்டினோம். அலை மிகச் சிறியது. ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர், ஐம்பது ஓம். வாசற்படியைக் கொஞ்சம்கூடத் தாழ்த்தவில்லை. கேபிளைக் கழற்றி, எண் போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். மாட்டினோம். கப்பல்தான்.

பள்ளத்து அலையில் தட்டினேன்: "ஷாகிதா. உங்கள் அலையை மூன்று முறை இறக்கி ஏற்றுங்கள். பேச வேண்டாம்."

மேசையிலிருந்து ரேடியோ உடனே பேசியது. ஷாகிதாவின் குரல்.

"செஞ்சுட்டேன் ஜெசிந்தா. மூணு தடவை. பார்த்தீங்கல்ல?"

கவுன்ட்டரில் அலை அசையவே இல்லை.

கதிர் ரேடியோவை அணைத்துவிட்டான்.

18.52

மறுபடி தட்டினேன்.

18.55

அலை இறங்கியது. ஏறியது.

கதிர் என் தோளைப் பிடித்திருக்கிறான்.

இறங்கியது. ஏறியது.

கப்பல் அடிவானத்தை நெருங்குகிறது. அலை தேய்கிறது. நான் எதையும் ஏற்றவில்லை, எதையும் தாழ்த்தவில்லை.

மூன்றாவதற்குக் காத்திருக்கிறோம்.